புயலுக்கு எண்ணெய் தடவியவர்

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பஸ்ஸில் உட்கார்ந்தால், ஊர் வந்துவிட்டதா என்று கண்டக்டரைக் கேட்க வேண்டாம். மூக்கு சொல்லிவிடும். மணலில் விரித்த வலை மேல் நெத்திலியும் வாளையும் சென்னாக்குன்னியும் வெயில் குடித்துக்கொண்டிருக்கும். காற்று அந்தச் செய்தியை நமக்கு முன்னதாகவே டெலிவரி செய்துவிடும். பூநாரை பார்க்கச் சென்னையிலிருந்து வரும் ஜன்னலோரத்து சார் உடனே கர்ச்சீப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வார். கர்ச்சீப்பில் செண்ட் இருக்கும். இந்தக் கட்டுரை அந்த செண்ட்டைப் பற்றியது. கருவாடு கடைசியில் வரும். எப்போதும் அது கடைசியில்தான் ஜெயிக்கும்.

மூக்கைப் பொத்துகிற சாருக்கு ஒரு தகவல். ஐரோப்பாவே வாசனைக்காகப் பைத்தியம் பிடித்து அலைந்த நாட்களில், அந்தப் பைத்தியத்துக்கு இந்தக் கருவாட்டு ஊரில்தான் ஒரு ஹெட் ஆபீஸ் இருந்தது. 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் துணி வாங்குவது, கிழக்குத் தீவுகளுக்குக் கொண்டுபோய் கிராம்பும் ஜாதிக்காயுமாக மாற்றுவது, இதுதான் பிசினஸ். 1690-இல் ஆபீஸை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். போக முடியாதவர்கள் இங்கேயே கல்லறையில் படுத்துக்கொண்டார்கள். அந்தக் கல்லறைத் தோட்டத்து வாசலில் இன்றும் இரண்டு கல் எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. வாசனை தேடி வந்தவர்களின் வாசலில் நிற்கும் இரண்டு பேருக்குமே மூக்கு கிடையாது!

வாசனை வியாபாரமே இப்படித்தான். ஆளைப் பெரிய உயரத்துக்குத் தூக்கும், பிறகு தன் பாட்டுக்கு ஆவியாகிவிடும். உதாரணம் வேண்டுமென்றால் ஒரு பிரெஞ்சுக்காரரைக் கூப்பிடுகிறேன். பெயர் பிரான்சுவா கோட்டி. கோட்டி என்றால் பைத்தியம் என்கிற திருநெல்வேலிக்காரர்கள் தயவுசெய்து சிரிக்காதீர்கள், கதையை முழுக்கக் கேட்டபிறகு சிரிக்கலாம்.

அவருடைய அசல் பெயர் ஸ்போத்தூர்னோ. கார்சிகாத் தீவில் அஜாக்ஸியோ என்ற ஊரில் 1874-இல் பிறந்தார். அப்பா வீட்டுப் பெயர் செண்ட் பாட்டிலில் அடங்காது என்று தோன்றியதோ என்னவோ, அம்மா வீட்டுப் பெயரை எடுத்துக் கடைசி எழுத்தை மட்டும் பாலிஷ் போட்டுக்கொண்டார். அஜாக்ஸியோ நெப்போலியன் பிறந்த ஊர். அது போதாதா? நானும் அந்த வம்சம்தான் என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் ஜமீன் சேர்த்துக்கொள்கிற அதே வியாதி!

1904-இல் தன்னுடைய ரோஜா செண்ட்டைத் தூக்கிக்கொண்டு பாரிஸில் லூவ்ர் என்ற பெரிய டிபார்ட்மெண்ட் ஸ்டோருக்குப் போனார். 'வேண்டாம், போய்யா' என்றார்கள். பாட்டில் கவுண்டரில் விழுந்து உடைந்தது. கை தவறியதா, கையே தவறவிட்டதா என்பது அவருக்கும் அந்தக் கைக்கும் மட்டும்தான் வெளிச்சம். கடை முழுக்க மணம். பெண்கள் மொய்த்தார்கள். கொண்டுபோன சரக்கு அத்தனையும் காலி. முதலில் ஓடிவந்த பெண்கள் சம்பளத்துக்கு வந்தவர்கள் என்று சொல்லும் கெட்ட வாய்களும் உண்டு. அரசியல் மாநாடு பார்த்த நமக்கு அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

அடுத்தடுத்து லோரிகான், ஷீப்ர், எமெரோட் என்று பாட்டில்கள் வந்தன. கண்ணாடி வடிவமைப்பில் பெரிய ஆளான ரெனே லாலிக்கைப் பிடித்து பாட்டில் செய்யச் சொன்னார். செண்ட் தீர்ந்தபிறகும் தூக்கிப் போட மனசு வராத பாட்டில்கள். பணம் கொட்டியது. அர்தீன்யி என்ற இடத்தில் அரண்மனை எழுப்பினார். அங்கே சமையலறையை எங்கே வைத்தார் தெரியுமா? உச்சி மாடியில்! தாளிக்கிற வாசனை கீழே வந்து அவர் மூக்கைத் தொடக் கூடாதாம். சாம்பார் மேலிருந்து இறங்கி வரும் வீட்டில் வாழ்ந்த ஒரே கோடீஸ்வரர் அவராகத்தான் இருக்கும்.

பிறகு 1922-இல் லெ ஃபிகாரோ பத்திரிகையை வாங்கினார். தேசத்தைத் திருத்தக் கிளம்பினார். தீவிர வலதுசாரிக் கும்பல்களுக்குப் பணத்தை வாரி இறைத்தார், யூதர்கள் மீது வெறுப்பைக் கக்கினார். நல்ல மூக்கு உள்ளவனுக்கு நல்ல நாக்கும் இருக்கும் என்று யார் சொன்னது? கடைசியில் விவாகரத்து செட்டில்மெண்டும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து சொத்தை உறிஞ்சின. 1934-இல் அவர் செத்தபோது கோட்டைகள் இருந்தன, காசு இல்லை. இப்போது திருநெல்வேலிக்காரர்கள் சிரிக்கலாம்.

இந்தக் கோட்டி பாட்டிலை உடைப்பதற்கு 8 வருஷம் முன்பே, நம்ம வங்காள விரிகுடாவில் ஒருவர் பாட்டிலைத் தூக்கி எறிந்துவிட்டார். எறிந்தது கடைக் கவுண்டரில் இல்லை, புயலின் நடுமண்டையில்! அந்தப் பாட்டிலை விற்றவரைச் சந்திக்கக் கல்கத்தா போகலாம், வாருங்கள்.

பெயர் ஹேமேந்திர மோகன் போஸ். சுருக்கமாக எச். போஸ். 1864-இல் மைமன்சிங் பக்கத்தில் பிறந்தவர். டாக்டராக வேண்டும் என்று கல்கத்தா மெடிக்கல் காலேஜில் சேர்ந்தார். ஒருநாள் சோதனைச்சாலையில் அமிலம் கண்ணில் தெறித்துவிட்டது. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி, படிப்பு போச்சு. நாமாக இருந்தால் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வைத்தீஸ்வரன் கோயில் போயிருப்போம். அவர் கண்ணை விட்டுவிட்டு மூக்கை நம்பினார்.

1890-களில் கல்கத்தாவின் பவ்பஜார் தெருவில் அவர் கடை மணக்க ஆரம்பித்தது. தலைக்கு 'குந்தலீன்' தைலம். கர்ச்சீப்புக்கு 'தேல்கோஷ்' செண்ட். வெற்றிலைக்குச் சேர்த்துக்கொள்ள 'தாம்புலீன்'. பெயர்களைக் கவனியுங்கள். குந்தளம் என்றால் கூந்தல், அது நமக்கும் தெரிந்த வார்த்தைதான். தாம்பூலமும் தெரியும். பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 'லீன்' மட்டும் வாசலீன் டப்பாவிலிருந்து நழுவி விழுந்ததாக எனக்கு ஒரு சந்தேகம். உள்ளூர்ச் சரக்குக்கு வெளியூர் வால். இன்றைக்கும் தெருமுனை சலூன் 'பாரிஸ் ஹேர் லவுஞ்ச்' என்று போர்டு மாட்டுகிறதே, அதன் கொள்ளுத்தாத்தா இதுதான்.

விளம்பரத்துக்கு ஒரு பாட்டு வேறு கட்டினார்கள். தலைக்கு இதைத் தேய், கைக்குட்டையில் அதைத் தெளி, வெற்றிலையோடு இன்னொன்றை மெல்லு என்று வரிசையாக உத்தரவு போட்டுவிட்டு, கடைசி அடியில் 'எச். போஸ் தன்யனாகட்டும்' என்று முடியும். காசு கொடுப்பது நாம், தலையில் தேய்த்துக்கொள்வது நாம், ஆசீர்வாதம் மட்டும் அவருக்கு! கோயில் ட்யூப்லைட்டில் உபயதாரர் பெயரைப் பெரிதாக எழுதி வெளிச்சத்தை மறைக்கிறவர்கள் இந்த அடக்கத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இப்போதெல்லாம் இன்ஃப்ளூயன்சர் என்று ஒரு தொழில் இருக்கிறது. எச். போஸுக்குக் கிடைத்த இன்ஃப்ளூயன்சர் யார் தெரியுமா? ரவீந்திரநாத் தாகூர்! தன் உறவினர் ஒருவருக்கு ரொம்ப நாளாக முடி கொட்டிக்கொண்டிருந்ததாகவும், குந்தலீன் தேய்த்து ஒரே மாதத்தில் புதுமுடி முளைத்ததாகவும் கவி சான்றிதழ் கொடுத்திருக்கிறார். நோபல் பரிசெல்லாம் அப்புறம் வந்தது. அந்த உறவினர் யாரென்று அவர் சொல்லவில்லை. தாடியைப் பார்த்து நாமாக எதுவும் முடிவு செய்ய வேண்டாம்.

ஆனால் எச். போஸின் மாஸ்டர்பீஸ் தைலமும் இல்லை, செண்ட்டும் இல்லை. 1896-இல் அவர் ஆரம்பித்த சிறுகதைப் போட்டி. குந்தலீன் புரஸ்கார். விதி ரொம்ப சிம்பிள். கதையில் குந்தலீனும் தேல்கோஷும் கண்டிப்பாக வர வேண்டும். ஆனால் கதையின் அழகு கெடக் கூடாது, விளம்பரம் மாதிரியும் தெரியக் கூடாது! அதாவது, கல்யாண வீட்டுக்கு வர வேண்டும், ஆனால் சாப்பிட வந்த மாதிரி தெரியக் கூடாது. இன்றைய சினிமாவில் ஹீரோ அழுதுகொண்டே காபித்தூள் பாக்கெட்டின் லேபிளை நமக்குத் திருப்பிக் காட்டுகிறாரே, அந்தக் கலைக்கு இலக்கணம் வகுத்தவர் நம்ம போஸ் பாபு.

முதல் வருஷம் பரிசு வாங்கிய கதையில் ஆசிரியர் பெயரே இல்லை. எழுதிய ஆள் கூச்சப்பட்டிருக்கிறார். கூச்சப்படத்தானே செய்வார்? அவர் ஜகதீஷ் சந்திர போஸ். ஆமாம், அவரேதான். கம்பியில்லாமல் மின் அலையை அனுப்பி, தள்ளியிருந்த மணியை அடிக்க வைத்து, கல்கத்தாவை வாய் பிளக்கச் செய்த விஞ்ஞானி. அதே கையோடு தலைமுடித் தைலத்துக்குக் கதை! இதில் உறவு விவகாரமும் உண்டு. எச். போஸின் சித்தப்பா ஆனந்த மோகன் போஸ், 1898-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவருடைய மனைவி ஜகதீஷின் சகோதரி. ஆக, பரிசு கொடுத்தவருக்கு வாங்கியவர் மாமா முறை. பெயர் போடாமல் அனுப்பியது கூச்சத்தாலா, முன்ஜாக்கிரதையாலா என்று இப்போது யாரைக் கேட்பது?

கதை இதுதான். கல்கத்தாவை நோக்கிப் பெரும் புயல் வருகிறது என்று வானிலை ஆபீஸ் அறிவிக்கிறது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு காத்திருக்கிறது. புயல் வரவே இல்லை! விஞ்ஞானிகள் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள், ஆளுக்கொரு தியரி. உண்மை என்னவென்றால், காய்ச்சலில் முடி கொட்டிப்போன ஒரு மனிதர் உடம்பு தேற இலங்கைக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். மகள் அன்போடு ஒரு பாட்டில் தைலத்தைப் பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தாள். புயலில் கப்பல் கவிழப் போகிறது. எண்ணெய் ஊற்றினால் அலை அடங்கும் என்று எப்போதோ படித்தது அவருக்கு நினைவு வருகிறது. பாட்டிலைத் திறந்து கடலில் வீசுகிறார். கடல் கப்சிப். வங்காளத்தின் முதல் அறிவியல் புனைகதைகளில் ஒன்று என்று பேராசிரியர்கள் கொண்டாடும் படைப்பு இது. அடிப்படையில் அது ஒரு ஹேர் ஆயில் விளம்பரம் என்பதை அவர்கள் கொஞ்சம் மெதுவாகச் சொல்வார்கள்.

விஞ்ஞானியாயிற்றே, சும்மா அடித்துவிடவில்லை. அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இதைச் செய்தே பார்த்திருக்கிறார். லண்டன் பக்கத்தில் கிளாப்பம் குளத்தில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் ஊற்றினார். அரை ஏக்கர் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆனது. அன்றிலிருந்து கைத்தடி மூங்கிலின் பொந்தில் எண்ணெய் வைத்துக்கொண்டு அலைந்தாராம், வழியில் எந்தக் குளத்தைப் பார்த்தாலும் ஊற்றிக் காட்ட. நல்லவேளை, நம் ஊரில் அவர் பிறக்கவில்லை. குடிக்கிற குளத்தில் எண்ணெய் ஊற்றினால் பெரிய மனுஷன் என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

எனக்கு ஓர் ஆசை, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 300 கிலோமீட்டர் குறுக்களவுள்ள புயல் என்று வையுங்கள். பரப்பு சுமார் 70,000 சதுர கிலோமீட்டர். ஃபிராங்க்ளின் ரேட்படி அரை ஏக்கருக்கு ஒரு டீஸ்பூன் என்றால், ஏறக்குறைய 1,75,000 லிட்டர் தைலம். சென்னையில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 15 லோடு. அட, இவ்வளவுதானா என்று 2016-இன் வர்தாவை நினைத்து ஒரு நிமிஷம் ஏங்கிவிட்டேன். ஆனால் எண்ணெய் அடக்குவது தண்ணீரின் மேல்தோலில் ஓடும் சிற்றலையைத்தான். மேலே சுழலும் காற்றுக்கு எண்ணெய்ச் சமாசாரமே தெரியாது. புயலுக்குத் தலை கிடையாது, கண் மட்டும்தான் உண்டு.

கல்கத்தாவிலிருந்து இலங்கைக்குப் போகிற கப்பல் இந்தக் கடலில்தானே போயிருக்க வேண்டும்? பழவேற்காட்டில் முகத்துவாரம் பக்கம் வலை கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"எண்ண ஊத்துனா புயல் நின்னுடுமா, தம்பி?"

"கதையில நின்னுடுச்சு, அண்ணே."

"நிக்கும், நிக்கும். ஆனா கூண்டு ஏத்துன அன்னைக்கு நாங்க போட்டு எறக்க மாட்டோம். பாட்டில நீயே எத்துனு போயி ஊத்திட்டு வா. நான் கரையில இருந்து பாத்துச் சொல்றேன்."

நூற்றுச் சொச்சம் வருஷத்து இலக்கிய விமர்சனத்தில் இதைவிடச் சுருக்கமான மதிப்புரையை நான் படித்ததில்லை.

போட்டி வருஷா வருஷம் நடந்தது. 1903-இல் 'மந்திர்' என்ற கதை பரிசு வாங்கியது. போட்டிருந்த பெயர் சுரேந்திரநாத் கங்குலி. எழுதியவர் அவருடைய மருமகன். கூச்சம் தொற்றுநோய் போலிருக்கிறது, மாமா பெயரில் அனுப்பியிருக்கிறார். அந்த மருமகன் சரத் சந்திரர்! அச்சில் வந்த அவருடைய முதல் கதையே இதுதான். பிறகு அவருடைய 'தேவதாஸ்' அச்சில் வர, 1953-இல் நாகேஸ்வர ராவ் தாடி வளர்த்து இருமி இருமி நம் பாட்டிகளின் முந்தானையை நனைத்தார். அத்தனை கண்ணீருக்கும் ஊற்றுக்கண் ஒரு தலைமுடித் தைலம். தாடி அவ்வளவு நன்றாக வளர்ந்ததன் ரகசியம் இப்போது புரிகிறதா?

எச். போஸுக்கு ஓர் ஒரிஜினல் வியாதி உண்டு. புதுசாக எது வந்தாலும் வாங்கிவிட வேண்டும். சைக்கிள் வந்தது, சைக்கிள் கடை வைத்தார். ஜகதீஷ் சந்திர போஸுக்கும் பிரஃபுல்ல சந்திர ராய்க்கும் சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தாராம். இந்திய இயற்பியலும் இந்திய வேதியியலும் வேட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரே மைதானத்தில் தொபுக்கடீர் என்று விழும் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஈர்ப்பு விசையை இதைவிட ஆழமாக அவர்கள் வேறெங்கும் ஆராய்ந்திருக்க முடியாது.

கார் வந்தது, தராக் என்ற பிரெஞ்சு டூ-சீட்டரை வாங்கினார். கலர் போட்டோ வந்தது, பிரான்சின் லூமியே சகோதரர்கள் கண்டுபிடித்த கண்ணாடித் தகட்டில் படம் எடுத்தார். போனோகிராஃப் வந்தது, 'டாக்கிங் மெஷின் ஹால்' என்று ஒரு கடையே திறந்து, தாகூரைப் பாடவைத்து மெழுகு உருளைகளில் பிடித்தார். வங்கப் பிரிவினையை எதிர்த்துக் கல்கத்தா கொதித்த நேரம் அது. சுதேசிப் பாட்டு, சுதேசிக் கவி, சுதேசி முதலாளி. பின்னால் அதைத் தட்டாகப் போட்டுக்கொடுத்த கம்பெனி மட்டும் பிரான்சின் பாத்தே. அந்நியத் துணியைக் கொளுத்தினார்கள் சரி, அந்நிய இசைத்தட்டைக் கொளுத்தினால் வந்தே மாதரம் அல்லவா எரியும்?

அவர் பிடித்தவை எல்லாம் நழுவுகிற சரக்கு என்பதைக் கவனித்தீர்களா? மணம், குரல், நிறம். எல்லாமே கையில் நிற்காதவை. மெழுகு உருளை வெயிலில் இளகும், ஓட ஓடத் தேயும். அவர் சேர்த்த உருளைகளில் பெரும்பாலானவை போய்விட்டன. தேல்கோஷ் எப்படி மணந்தது? நீங்களும் முகர்ந்ததில்லை, நானும் முகர்ந்ததில்லை. 1916-இல் அவர் கண் மூடினார். கோட்டியைப் போல அரண்மனையும் கட்டவில்லை, நெப்போலியனுக்குப் பங்காளி என்றும் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தத் 'தன்யனாகட்டும்' ஒன்றுதான் அவர் பண்ணிய மொத்த அலட்டல்.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். சரக்கு ஆவியாகிவிட்டது, விளம்பரம் நிற்கிறது. ஜகதீஷின் கதையை இன்றும் பாடத்தில் வைக்கிறார்கள். சரத் சந்திரரை விடாமல் படம் எடுக்கிறார்கள். போதாக்குறைக்கு எச். போஸின் பிள்ளை நிதின் போஸ் சினிமா டைரக்டரானார். 1935-இல் 'பாக்ய சக்ரா' என்ற படத்தில் ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பாடுகிற தந்திரத்தைக் கொண்டுவந்தார். பின்னணிப் பாட்டு! சிவாஜிக்கு டி.எம்.எஸ். குரல் கொடுத்ததற்கும் பவ்பஜார் தைலத்துக்கும் தூரத்துச் சொந்தம் உண்டு. அப்பா அடுத்தவர் கதையில் தன் பாட்டிலை நுழைத்தார். பிள்ளை அடுத்தவர் வாயில் இன்னொருவர் குரலை நுழைத்தார். குடும்பத் தொழில் என்பது இதுதான்.

வாசனையில் ஒரு சங்கடம் உண்டு. அதை பேப்பரில் அச்சடிக்க முடியாது, வார்த்தையில் வர்ணிக்க முடியாது. அதனால்தான் செண்ட் விற்கிறவனுக்குக் கதை தேவைப்படுகிறது. கோட்டிக்கு உடைந்த பாட்டில், அழகான பாட்டில், நெப்போலியன் ரத்தம். போஸுக்குப் புயல், தாகூரின் உறவினர், கடைசியடி ஆசீர்வாதம். இருவருமே மணம் விற்றதாகத்தான் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் விற்றது கதையை. கதைகளைத் தனக்கே சுற்றிக்கொண்டவர் மூழ்கினார், அடுத்தவன் எழுதட்டும் என்று காசு கொடுத்தவர் மிதந்தார். எண்ணெய் மிதக்கும் என்பது இதைத்தானோ?

சாயங்காலம் திரும்பும்போது பஸ்ஸில் அதே ஜன்னலோரத்து சார். பூநாரை பார்த்த களைப்பு. ஒரு ஆயா தலைச்சுமையாகக் கூடையைத் தூக்கிவந்து அவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். நெத்திலிக் கருவாடு. சார் கர்ச்சீப்பை எடுத்து முகர்ந்து பார்த்தார், உதறினார், மறுபடி முகர்ந்தார். காலையில் தெளித்த செண்ட் எப்போதோ பறந்து போயிருந்தது.

ஆயா பாட்டுக் கட்டவில்லை, போட்டி வைக்கவில்லை, கவியிடம் சான்றிதழ் வாங்கவில்லை. பொன்னேரி வருவதற்குள் கூடையில் பாதி விற்றுவிட்டது. சார் மட்டும் கால் கிலோ வாங்கினார்.